உப்பு நீரும் குருதிப் புரதமும்

1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் வாந்திபேதி மக்களைக் கொன்று குவித்தது. நோயாளியின் குருதியை வெளியேற்றுவதையே அந்நாளைய வைத்தியர் பலர் சிகிச்சையாகக் கொண்டிருந்தனர். வில்லியம் ஓஷாக்னசி என்னும் இருபத்திரண்டு வயது மருத்துவரோ அக்குருதியைச் சோதித்துப் பார்த்தார். அது நீரையும் உப்பையும் இழந்து தடித்துக் கிடந்தது. இழந்தவற்றைத் திரும்பக் கொடுப்பதே வழி என்றார் அவர். பிற்காலத்தில் கல்கத்தாவிலிருந்து இந்தியாவின் தந்திப் போக்குவரத்தை நிறுவியவரும் இவரேயாவர்.

1832 மே மாதத்தில், ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா என்ற வைத்தியர் இதனைச் செயலில் காட்டினார். சாகுந்தறுவாயிலிருந்த மூதாட்டி ஒருவரின் கைச் சிரைவழியே சமையலுப்பும் சோடா உப்பும் கரைத்த நீரைச் செலுத்தினார். ஏறத்தாழ மூன்றரை லிட்டர் சென்றதும் குழிவிழுந்த கண்கள் ஒளி பெற்றன. நின்றுபோன நாடி திரும்பியது. ஆயினும் பேதி மீண்டும் தொடங்கவே, சில மணி நேரத்தில் அவர் இறந்தார். பின்னர் இம்முறையால் வேறு சிலர் பிழைத்தனர்.

ஸ்டார்லிங் கண்ட உண்மை

செலுத்திய நீர் குழாய்க்குள் நிற்பது எதனால்? வெளியேறுவது எதனால்? இவ்வினாவிற்கு 1896இல் விடை கண்டவர் லண்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்டார்லிங். நாயின் பின்னங்காலில், தசைகளுக்கிடையே உப்பு நீரைச் செலுத்தி, அந்நீரைக் குருதி ஈர்த்துக்கொள்வதைக் கண்டார். புரதம் நிறைந்த நீரைச் செலுத்தியபோது அவ்வாறு நிகழவில்லை.

நுண்குழாயின் சுவர் ஒரு சல்லடை போன்றது. நீரும் உப்பும் அதனூடே எளிதில் செல்லும். பெரிய மூலக்கூறாகிய புரதம் எளிதில் செல்லாது. இதயத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. குருதியிலுள்ள புரதம் அதனை உள்ளே இழுக்கிறது. இவ்விரண்டின் போட்டியே நீரின் போக்கை முடிவு செய்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். உப்பு நீரை ஏற்றும்போது குருதியிலுள்ள புரதம் நீர்த்துப் போகிறது. இழுக்கும் ஆற்றல் குறைகிறது. ஆகவே ஒரு லிட்டர் ஏற்றினால் காலப்போக்கில் ஏறக்குறைய கால் பங்கே குழாயில் தங்கும். எஞ்சியது திசுக்களில் தேங்கும்.

புரதத்தையே ஏற்றினால்?

இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வின் கோன் குருதியிலிருந்து ஆல்புமின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் தீக்காயமுற்றவர்களுக்கு அது அளிக்கப்பட்டது. புரதம் குழாயிலேயே தங்கி நீரைக் காக்கும் என்பது நம்பிக்கை. ஆனால் நலமுள்ளவரிடத்தும் மணிக்கு ஏறக்குறைய 5 விழுக்காடு ஆல்புமின் கசிந்து, நிணநீர் வழியே திரும்புகிறது. கடுமையான கிருமித் தொற்றில் இக்கசிவு இரு மடங்குக்கும் மேலாகலாம். அப்போது ஏற்றிய புரதமும் வெளியேறித் தன்னுடன் நீரை ஈர்க்கிறது.

2004இல் வெளியான ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 6,997 நோயாளிகளிடம் ஆல்புமினும் உப்பு நீரும் ஒப்பிடப்பட்டன. 28 நாட்களில் ஆல்புமின் பெற்றவர்களில் 726 பேரும், உப்பு நீர் பெற்றவர்களில் 729 பேரும் இறந்தனர். வேறுபாடு இல்லையென்றே கூறலாம்.

2011இல் வெளியான கிழக்காப்பிரிக்க ஆய்வோ மருத்துவ உலகையே திகைக்க வைத்தது. கடுங்காய்ச்சலில் குருதியோட்டம் குன்றிய 3,141 குழந்தைகளுள், விரைவாக நீர் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் 48 மணி நேரத்தில் மாண்டனர். அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் மாண்டோர் 7.3 விழுக்காட்டினரே.

குழாயின் உட்பூச்சு

1966இல் நுண்குழாயின் உட்புறத்தில் சர்க்கரைப் பொருளாலான மெல்லிய படலம் ஒன்றை லஃப்ட் என்பவர் மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். புரதத்தைத் தடுப்பதில் இப்படலத்திற்குப் பெரும் பங்குண்டு என இன்று அறிகிறோம். கிருமித் தொற்றும் பெருங்காயமும் இதனைச் சிதைக்கின்றன. மிகுதியாகவும் விரைவாகவும் ஏற்றப்படும் நீரும் சிதைக்கக்கூடும் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் இச்செய்தி தொலைவிலுள்ளதன்று. டிங்கிக் காய்ச்சல் முற்றும்போது ஓரிரு நாட்கள் குருதிநீர் குழாயைவிட்டுக் கசிகிறது. நீர் குறைந்தால் நாடி தளரும். மிகுந்தால் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சை முட்டும். தாதியர் மணிதோறும் சொட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் வருவது இதனாலேயே. குழாயை முழுதும் திறந்துவிட்டால் பிள்ளை விரைவில் தேறிவிடும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. லாட்டாவின் காலத்தில் உப்பு நீரை ஏற்றத் துணிவு வேண்டியிருந்தது. இன்று அளவோடு நிறுத்தவும் அறிவு வேண்டியிருக்கிறது.