ரயிலின் பெயர் தாங்கிய நெடுஞ்சாலை: ஹூஸ்டன் நகரின் கேட்டி சாலை வரலாறு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் கேட்டி என்னும் ஊர் உள்ளது. 1890களில் அவ்வழியே மிசௌரி–கான்சஸ்–டெக்சாஸ் ரயில் நிறுவனத்தின் இருப்புப்பாதை வந்தது. அந்நிறுவனத்தை மக்கள் சுருக்கமாகக் ‘கே-டி’ என்று அழைத்தனர். ஊரின் பெயர் அதிலிருந்தே பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பின்னாளில் ஹூஸ்டனை இவ்வூருடன் இணைத்த விரைவுச்சாலையும் அப்பெயரையே பெற்றது. இன்று, இருபுறச் சேவைச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால், அச்சாலை சில இடங்களில் 26 தடங்கள் கொண்டது. பெயர் கொடுத்த தண்டவாளமோ அதன் அருகில் இல்லை. சாலையை அகலப்படுத்த இடம் வேண்டி அகற்றப்பட்டுவிட்டது. நகரச் சாலையின் நெரிசலுக்கு இடப் பற்றாக்குறையே காரணமா என்ற கேள்விக்கு இந்த ஒரு சாலையின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

ஹூஸ்டன் தொடக்கத்திலிருந்தே கார்களின் நகரமாக இருந்ததில்லை. அங்கு ஓடிய டிராம் வண்டிகள் 1940இல்தான் நிறுத்தப்பட்டன. திசைமாற்றத்தை விரைவுபடுத்தியது 1956ஆம் ஆண்டின் கூட்டரசு நெடுஞ்சாலைச் சட்டம். 41,000 மைல் நீள மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளை அமைக்க வழிவகுத்த அச்சட்டம், செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டரசே ஏற்கும் என்று வகுத்தது. நகரப் பொதுப் போக்குவரத்துக்கான கூட்டரசு நிதியுதவிச் சட்டமோ 1964இல்தான் வந்தது. ஒரு மாநிலம் தன் கைப்பணத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் போட்டால் சாலை கிடைக்கும் என்ற நிலையில், ரயிலைப் பற்றிச் சிந்திப்பதற்கே நிதிசார்ந்த தூண்டுதல் இல்லாமற்போனது. ஆக, சாலைகளின் வெற்றி மக்களின் தன்னியல்பான விருப்பத்தால் மட்டும் விளைந்தது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1960களில் ஆறு தடங்களுடன் கட்டி முடிக்கப்பட்ட கேட்டி விரைவுச்சாலை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 80,000 வாகனங்களுக்கென வடிவமைக்கப்பட்டது. 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் அதில் ஓடியவை 2 லட்சத்துக்கும் மேல். 1984இல் பேருந்துகளுக்கும் பலர் சேர்ந்து பயணிக்கும் வாகனங்களுக்கும் தனித்தடம் திறக்கப்பட்டும் நெரிசல் தீரவில்லை. 2004இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பயனாளர் கூட்டமைப்பு, இச்சாலையின் ஒரு சந்திப்பை நாட்டின் இரண்டாவது மோசமான நெரிசல் முடிச்சாகப் பட்டியலிட்டது.

சாலையைப் பெரிதாக்கினால் நெரிசல் தீராமற்போகலாம் என்பது அப்போது எவரும் அறியாத உண்மையன்று. நியூயார்க்கில் ராபர்ட் மோசஸ் 1936இல் ட்ரைபரோ பாலத்தையும், 1939இல் பிராங்ஸ்–ஒயிட்ஸ்டோன் பாலத்தையும் திறந்தார். புதிய பாலம் பழைய பாலத்தின் சுமையைக் குறைக்கவில்லை, இரண்டுமே நிறைந்தன. இக்கதையை ராபர்ட் கேரோ 1974இல் வெளியிட்ட மோசஸின் வாழ்க்கை வரலாற்றில் விரிவாக எழுதினார். அதற்கு முன்பே, 1962இல், பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் இதை ஒரு விதியாக வகுத்திருந்தார்: நகர விரைவுச்சாலைகளில் உச்சநேரப் போக்குவரத்து, சாலையின் கொள்ளளவை எட்டும்வரை வளரும். காரணம் எளியது. சாலை அகன்றதும் பயணம் விரைவாகிறது. அதுவரை மாற்றுவழியில் சென்றோர் இச்சாலைக்குத் திரும்புகின்றனர். நெரிசலுக்கு அஞ்சி முன்னதாகவோ பின்னதாகவோ புறப்பட்டோர் உச்சநேரத்துக்கே வருகின்றனர். பேருந்தில் சென்றோர் காரை எடுக்கின்றனர். காலப்போக்கில் வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் சாலையைத் தொடர்ந்து நகர்ந்து, முன்பு இல்லாத பயணங்களையே உருவாக்குகின்றன. ‘தூண்டப்பட்ட தேவை’ எனப்படும் இக்கருத்தை 1994இல் பிரித்தானிய அரசின் நிலைக்குழுவொன்றும் தன் அறிக்கையில் ஏற்றது.

எனினும் 2003இல் கேட்டி சாலையை அகலப்படுத்தும் பணி தொடங்கி, 2008இல் முடிந்தது. செலவு ஏறத்தாழ 280 கோடி டாலர். சாலையை ஒட்டியிருந்த ரயில் வழித்தடத்தை மாநில நெடுஞ்சாலைத் துறை 1990களிலேயே வாங்கியிருந்தது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, அந்த நிலம் விரிவாக்கத்துக்குப் பயன்பட்டது. நடுவில், நேரத்துக்கேற்ப மாறும் கட்டணம் கொண்ட தடங்கள் அமைக்கப்பட்டன.

தொடக்கத்தில் பயணம் எளிதாயிற்று. ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. ஹூஸ்டனின் போக்குவரத்துக் கண்காணிப்பு மையத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஜோ கார்ட்ரைட், 2011க்கும் 2014க்கும் இடையில் இச்சாலையின் காலை உச்சநேரப் பயணம் 30 விழுக்காடும், மாலைப் பயணம் 55 விழுக்காடும் நீண்டதாகக் காட்டினார். இதே சாலையை நெடுஞ்சாலை ஆதரவாளர்கள் வெற்றிக் கதையாக எடுத்துக்காட்டிக்கொண்டிருந்த காலம் அது.

விரிவாக்கத்தை ஆதரிப்போரின் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. 2000இல் 47 லட்சமாக இருந்த ஹூஸ்டன் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை, 2010இல் 59 லட்சமானது. இத்தகைய வளர்ச்சியில் நெரிசல் எப்படியும் கூடியிருக்கும். அகன்ற சாலை முன்பைவிட மிகுதியானோரைச் சுமக்கிறது என்பது அவர்களின் வாதம். அது உண்மையே. ஆயின் மக்களிடம் சொல்லப்பட்ட நோக்கம் நெரிசலைத் தீர்ப்பது. மிகுதியானோரைச் சுமப்பதுதான் நோக்கம் எனில், அதே பணத்தையும் நிலத்தையும் கொண்டு வேறு எவ்வழியில் சுமந்திருக்கலாம் என்ற ஒப்பீடு தேவைப்படும். அந்த ஒப்பீட்டைத் தவிர்க்க ‘நெரிசல் தீர்வு’ என்ற சொல் உதவுகிறது.

அமெரிக்கப் பெருநகரங்களின் 1983, 1993, 2003ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கில் டுராண்டன், மேத்யூ டர்னர் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இங்கு முதன்மையானது. நெடுஞ்சாலைத் தடங்கள் எந்த விகிதத்தில் கூடினவோ, வாகனங்கள் ஓடிய தொலைவும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடியது. அவ்வாய்வின் மற்றொரு முடிவு ரயில் ஆதரவாளர்களுக்கும் உவப்பானதன்று: பொதுப் போக்குவரத்தை விரிவாக்கியதாலும் சாலையில் ஓடும் வாகனங்கள் குறையவில்லை. ரயிலில் ஏறியவர் விட்டுச்சென்ற இடத்தை இன்னொரு கார் நிரப்புகிறது. நெரிசலைக் குறைக்க எஞ்சும் வழியாக அவர்கள் சுட்டியது, சாலைப் பயன்பாட்டுக்கு விலை வைப்பதை. சிங்கப்பூர் 1975இலும் இலண்டன் 2003இலும் மேற்கொண்ட வழி அது. பொதுப் போக்குவரத்தின் தேவை இதனால் குறைவதில்லை. நெரிசலில் காத்திருக்க வேண்டாத மாற்றுவழியை மக்களுக்குத் தருவதே அதன் பணி.

அகலப்படுத்துதலின் விலையைச் செலுத்துவோர் யார் என்பது அடுத்த கேள்வி. ஹூஸ்டனின் மற்றொரு நெடுஞ்சாலையான 45ஆம் எண் சாலையை விரிவாக்கும் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை, 1,079 குடியிருப்புகளும் 344 வணிக இடங்களும் அகற்றப்படும் என்று கணித்தது. பாதிப்பின் பெரும்பகுதி கறுப்பின, இலத்தீன் அமெரிக்க மக்களின் குடியிருப்புகளில் விழும் என்ற முறையீட்டின்பேரில், கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் 2021இல் பணியை நிறுத்திவைத்தது. சில உறுதிமொழிகளுடன் 2023இல் உடன்பாடு ஏற்பட்டுத் திட்டம் தொடர்ந்தது.

இந்தியாவுக்கு இவ்வரலாறு அயலானதன்று. 2006இல் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை அன்றி மக்களையே முதன்மைப்படுத்திச் சாலையிடத்தைப் பகிர வேண்டும் என்றது. பத்தாண்டுகள் கழித்து, பெங்களூரில் பசவேஸ்வரா சந்திப்பிலிருந்து ஹெப்பால் வரை 6.7 கிலோமீட்டர் நீள எஃகு மேம்பாலம் முன்மொழியப்பட்டது. அதற்காக 812 மரங்கள் வெட்டப்பட இருந்தன. 2016 அக்டோபரில் குடிமக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தனர். 2017 மார்ச்சில் மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது. அப்போராட்டத்தில் மரங்கள் மட்டுமன்றி, மேம்பாலம் எத்தனை ஆண்டுகளுக்கு நெரிசலைத் தாங்கும் என்ற வினாவும் எழுந்தது. விரிவாக்கத் திட்ட அறிக்கைகள் மிச்சமாகும் நிமிடங்களைக் கணக்கிடுகின்றன. அந்த நிமிடங்களே ஈர்த்துவரும் புதிய வாகனங்களையும் அதே பக்கத்தில் கணக்கிட்டாக வேண்டும்.

கேட்டி சாலையில் மேலும் ஒரு தடம் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கப்படலாம். ஹூஸ்டனின் நடுவிலிருந்து மேற்குப் புறநகர் வரை தொடர்ச்சியாகக் கிடந்த ஒரு ரயில் வழித்தடத்தை மீண்டும் பெறுவது அத்தனை எளிதன்று. இரு பக்கமும் நகரம் நிரம்பிவிட்ட பின், அத்தகைய நிலத்தை எந்த விலைக்கும் ஒருசேர வாங்க இயலாது. ஊரின் பெயரில் மட்டும் அந்த ரயில் எஞ்சியிருக்கிறது.