தஞ்சாவூருக்கு ஃப்ளைட் இருக்கா? திருச்சிக்கு டிக்கெட் போடும் முன் டெல்டா மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவின் எந்த ஊரை எடுத்தாலும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவர்கள் இருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, ஆபரேஷன், சாவு என எது வந்தாலும் முதலில் எழும் கேள்வி இதுதான்: "நேரா வர்ற மாதிரி ஃப்ளைட் இருக்கா?"

இருக்கிறது. ஆனால் எந்த ஊர் பெயரைப் போட்டுத் தேடுகிறோம், எந்த நாளில் தேடுகிறோம், 'டைரக்ட்' என்ற வார்த்தையை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது கிடைக்கும். விரிவாகப் பார்க்கலாம்.

தஞ்சாவூர்லயே ஏர்போர்ட் இருக்கே, அங்க ஏன் ஃப்ளைட் இல்லை?

தஞ்சாவூரில் ஓடுபாதை இருப்பது உண்மைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான தளம் அது. இப்போது இந்திய விமானப்படையின் கையில் இருக்கிறது. 2013 மே மாதம் அப்போதைய பாதுகாப்புத்துறை அமைச்சர் ஏ.கே.அந்தோணி இதை முழு விமானப்படைத் தளமாகத் திறந்து வைத்தார். 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவும் இங்கே வந்தது.

பயணிகள் விமானம் இங்கிருந்து பறந்த காலமும் உண்டு. 'வாயுதூத்' என்ற அரசு நிறுவனம் சிறிய விமானங்களை இயக்கியது. அது நிலைக்கவில்லை. சிறு நகரங்களை விமானத்தில் இணைக்கும் மத்திய அரசின் 'உடான்' திட்டத்தில், 2018 ஜனவரியில் வெளியான இரண்டாம் சுற்றுப் பட்டியலில் தஞ்சாவூர் பெயரும் இருந்தது. ஆனால் பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் விமானம் வந்துவிடாது. விமானப்படை ஓடுபாதையைப் பயன்படுத்துவதாக இருந்தாலும், பயணிகளுக்குத் தனி முனையம் கட்ட வேண்டும், விமானத்தை இயக்க ஒரு நிறுவனமும் முன்வர வேண்டும்.

சேலத்தைப் பாருங்கள். உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னை விமானம் வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. சிறிய ஏர்போர்ட்டில் இருக்கும் சேவையே இப்படி வந்து வந்து போகும். அதனால் இப்போதைக்குத் தஞ்சாவூர் பெயரில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்போ நம்ம ஏர்போர்ட் எது?

திருச்சி சர்வதேச விமான நிலையம்தான். புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து சுமார் 60 கி.மீ. திருச்சி ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடிக்கும் தூரம்தான்.

2012 அக்டோபரில் சர்வதேச அந்தஸ்து பெற்ற இந்த நிலையத்தில், ரூ.1,100 கோடிக்கும் மேல் செலவில் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2024 ஜனவரி 2-ம் தேதி திறந்து வைத்தார். அதே ஆண்டு ஜூன் முதல் பயன்பாட்டில் உள்ளது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவுக்கு இது கட்டப்பட்டுள்ளது.

ஒரு சின்ன எச்சரிக்கை. திருச்சியின் குறியீடு டி.ஆர்.இசட். திருவனந்தபுரத்தின் குறியீடு டி.ஆர்.வி. திருப்பதிக்கு டி.ஐ.ஆர். மூன்று ஊரும் 'திரு' என்றுதான் தொடங்கும். அவசரத்தில் தட்டும்போது ஊர் மாறிவிடலாம். பணம் கட்டும் முன் குறியீட்டை ஒருமுறை பாருங்கள்.

டெல்லியை விட சிங்கப்பூருக்கு ஃப்ளைட் ஈஸியா கிடைக்குதே, ஏன்?

திருச்சியின் தனித்தன்மையே அதுதான். சிங்கப்பூருக்கு ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், கோலாலம்பூருக்கு ஏர் ஏசியா, பாட்டிக் ஏர், கொழும்புக்கு ஸ்ரீலங்கன், துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்று திருச்சியிலிருந்து விமானங்களை இயக்கி வந்திருக்கிறார்கள். 2025 மார்ச் 30-ம் தேதி இண்டிகோ யாழ்ப்பாணத்துக்கும் சேவை தொடங்கியது.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. எந்த நாட்டு விமானம் இந்தியாவின் எந்த ஊரில் இறங்கலாம் என்பது இரு நாட்டு ஒப்பந்தத்தில் முடிவாகும். ஆசியான் நாடுகளின் விமானங்கள் தாராளமாக வந்துபோக இந்தியா திறந்துவிட்ட 18 சுற்றுலா ஊர்களில் திருச்சியும் ஒன்று. அதனால்தான் சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் நேராக வருகின்றன. வளைகுடா நாடுகளுடனான ஒப்பந்தங்களில் திருச்சிக்கு அந்த இடம் இல்லை. எனவே எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் போன்றவை சென்னைக்கு வரும், திருச்சிக்கு வராது. துபாயிலிருந்தோ தோஹாவிலிருந்தோ நேராகத் திருச்சி வர வேண்டும் என்றால் இந்திய நிறுவனங்களின் தளத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

'டைரக்ட்' வேற, 'நான்-ஸ்டாப்' வேற

நம் பேச்சில் இரண்டும் ஒன்றுதான். விமானத் துறையில் அப்படி இல்லை.

• நான்-ஸ்டாப்: கிளம்பிய இடத்திலிருந்து வழியில் எங்கும் இறங்காமல் வருவது.
• டைரக்ட்: ஒரே ஃப்ளைட் எண். ஆனால் வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம்.
• கனெக்டிங்: வழியில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும்.

ஆப்பில் 'ஸ்டாப்ஸ்' என்ற ஃபில்டரில் 'நான்-ஸ்டாப்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதன் பிறகு மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் - திருச்சி நேராக வந்தால் சுமார் 4 மணி நேரம். திரையில் 11 மணி நேரம் என்று இருந்தால் நடுவில் எங்கோ காத்திருக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

எல்லா ஆப்பிலும் எல்லா நிறுவனமும் வராது. ஆப்பில் தேடி, யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பின் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தினமும் இருக்கும்னு நினைக்காதீங்க

சிறிய ஏர்போர்ட்டில் பல வழித்தடங்கள் வாரத்தில் சில நாட்கள்தான். நீங்கள் தேடும் தேதியில் 'இல்லை' என்று வந்தால் முந்தைய நாளும் அடுத்த நாளும் பாருங்கள். முழு வாரத்தையும் காட்டும் காலண்டர் வசதி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். போகும் தேதியை விட, திரும்பும் தேதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

விமான அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் தொடங்கும். இந்தத் தேதிகளைத் தாண்டிய பயணத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் போட்டிருந்தால், நேரம் மாறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் மறுபடி பாருங்கள்.

நள்ளிரவு விமானத்தில் தேதிக் குழப்பம் சகஜம். டிக்கெட்டில் 'ஜனவரி 14, 01.00 மணி' என்று இருந்தால் 13-ம் தேதி இரவே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 14-ம் தேதி இரவு போனால் விமானம் அன்று அதிகாலையே போயிருக்கும். டாக்ஸிக்காரரிடமும் 'பதிமூணு ராத்திரி' என்றே சொல்லுங்கள்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால்.

பொங்கல், தீபாவளி, மே விடுமுறைக்குக் கட்டணம் ஏறும் என்பது தெரிந்ததே. சிங்கப்பூர் பள்ளி விடுமுறையான ஜூன் மாதமும் நவம்பர் கடைசி - டிசம்பரும், வளைகுடா பள்ளி விடுமுறையான ஜூலை - ஆகஸ்ட்டும் அதே கதைதான்.

சென்னை டிக்கெட் விலை குறைவா? வீட்டு வாசல் வரை கணக்கு போடுங்க

திருச்சி டிக்கெட்டைவிட சென்னை டிக்கெட் பல நேரம் மலிவாக இருக்கும். அந்த வித்தியாசம் உண்மையான மிச்சமா என்பதுதான் கேள்வி. சென்னையிலிருந்து தஞ்சாவூர் சுமார் 340 கி.மீ.

உதாரணத்துக்கு, ஒருவருக்கு ரூ.2,000 குறைவு என்று வைத்துக்கொள்வோம்.

• தனி ஆள், ஒரு பை, அவசரம் இல்லை: சென்னையில் இறங்கி, ஏர்போர்ட் எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து எழும்பூர் போனால், இரவு உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூர் வந்துவிடலாம். ரயில் டிக்கெட் போக, மிச்சம் மிச்சம்தான்.
• வயதான அம்மா, அப்பா, இரண்டு குழந்தைகள், எட்டு பெட்டி: நான்கு டிக்கெட்டில் ரூ.8,000 மிச்சமாகத் தெரியும். சென்னையிலிருந்து காருக்குக் கொடுக்கும் தொகை, வழியில் டோல், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். ஆறேழு மணி நேரம் உட்கார்ந்து வரும் அலுப்பு தனி.

மயிலாடுதுறை, சீர்காழி பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அவர்களுக்குத் திருச்சியும் பக்கம் இல்லை. சென்னைக்கு நேரடி ரயிலும் இருக்கிறது. அதனால் அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று எடுக்காமல், உங்கள் வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்.

லக்கேஜையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்கூட், ஏர் ஏசியா போன்ற பட்ஜெட் நிறுவனங்களின் மிகக் குறைந்த கட்டணத்தில் செக்-இன் பெட்டி சேராது. பெட்டிக்குத் தனியாகக் கட்டிய பின் வரும் தொகைதான் உண்மையான விலை.

தனித்தனி டிக்கெட்: இங்கதான் பலர் மாட்டுறாங்க

சென்னை வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து திருச்சிக்கு வேறொரு நிறுவனம் என்று இரண்டு டிக்கெட் போட்டால் என்ன ஆகும்? முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. புது டிக்கெட்டுக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். ஒரே பிஎன்ஆரில் இரண்டும் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. இந்தியாவில் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அங்கேதான் இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும். சென்னை வழியாக வந்தால் அங்கே பெட்டியை எடுத்து, சோதனை முடித்து, உள்நாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி ஒப்படைக்க வேண்டும். நேராகத் திருச்சி வந்தால் எல்லாம் ஒரே இடத்தில் முடியும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் என மூன்று முறையும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அந்த மாதங்களில் சென்னையில் இரண்டு மணி நேர இடைவெளியை நம்பித் தனித்தனி டிக்கெட் போடுவது ரிஸ்க்.

துக்கச் செய்தி, ஆஸ்பத்திரி அவசரம் என்றால்?

இங்கே கணக்கே வேறு. விலையையோ ஊரையோ பார்க்காமல், எது வீட்டுக்கு முதலில் கொண்டு சேர்க்கும் என்று பாருங்கள். திருச்சி விமானம் நாளை மறுநாள்தான் என்றால், இன்றிரவு சென்னைக்கு வரும் நான்-ஸ்டாப்பில் ஏறி, அங்கிருந்து கார் எடுத்தால் காரியத்துக்கு முன்பே வந்துவிடலாம். மதுரை, கோவையையும் தேடிப் பாருங்கள். இந்த நேரத்தில் கனெக்டிங் டிக்கெட் வேண்டாம். ஒரு தாமதம் முகம் பார்ப்பதையே இல்லாமல் ஆக்கிவிடலாம்.

ஃப்ளைட் ரத்தானா, லேட்டானா என்ன கேட்கலாம்?

விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ விதிகளின்படி:

• உள்நாட்டில் 2 மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் ரத்தானால் மாற்று விமானம் அல்லது ரீஃபண்ட் தர வேண்டும். அத்துடன் பயண நேரத்தைப் பொறுத்து ரூ.5,000 அல்லது ரூ.7,500 வரை இழப்பீடு உண்டு. புயல் போன்ற காரணத்துக்கு இழப்பீடு கிடையாது.
• திருச்சி - சென்னை போன்ற குறுகிய பயணத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடும் சிற்றுண்டியும் கேட்கலாம்.
• உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.
• 'ரீஃபண்ட் இல்லை' என்று போட்ட டிக்கெட்டிலும் வரி, விமான நிலையக் கட்டணம் திரும்பக் கிடைக்க வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்களின் ரீஃபண்டுக்கு அவர்கள் நாட்டு விதிதான் பொருந்தும்.

டிராவல் ஏஜென்ட் மூலம் போடுபவர்களுக்கு முக்கியமான விஷயம்: டிக்கெட்டில் உங்கள் மொபைல் எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் நேர மாற்றம், ரத்து பற்றிய மெசேஜ் அவருக்குத்தான் போகும். சரியான தொடர்பு எண் தராத பயணிக்கு இழப்பீடும் கிடையாது. நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் மத்திய அரசின் 'ஏர் சேவா' தளத்தில் புகார் பதியலாம்.

சுருக்கமா சொன்னா

1. தஞ்சாவூர் வேண்டாம், டி.ஆர்.இசட் என்று தேடுங்கள்.
2. 'நான்-ஸ்டாப்' ஃபில்டர் போடுங்கள், மொத்த நேரம் பாருங்கள்.
3. தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பாருங்கள். நள்ளிரவு விமானம் என்றால் தேதியை இரண்டு முறை பாருங்கள்.
4. பெட்டி, கார், ரயில் எல்லாம் சேர்த்து வாசல் வரை கணக்குப் போடுங்கள்.
5. மாறி வர வேண்டும் என்றால் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள்.
6. பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், உங்கள் சொந்த மொபைல் எண் இரண்டையும் சரிபார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.
7. பெரியவர்களுக்கு வீல்சேர் வேண்டும் என்றால் டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.