குழுப்பணி மதிப்பீட்டில் ரூப்ரிக்: ஒரு வரலாறு

ரூப்ரிக் என்பது ஒரு பணியை எந்தெந்தக் கூறுகளைக் கொண்டு மதிப்பிடுவது, ஒவ்வொரு கூறிலும் உயர்ந்த தரம் எது, தாழ்ந்த தரம் எது என்பவற்றை முன்கூட்டியே விவரிக்கும் அட்டவணை ஆகும். சிவப்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளில் தலைப்புகளும் வழிபாட்டு நெறிகளும் சிவப்பு மையில் எழுதப்பட்டன.

தேவை எழுந்த விதம்

1913 இல் அமெரிக்காவின் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகியோர் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைக் கொண்டு திருத்தச் செய்தனர். மதிப்பெண்கள் பெரிதும் வேறுபட்டன. 1961 இல் பால் டீடெரிக் குழுவினர் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் செய்தனர். 94 விழுக்காடு கட்டுரைகள் குறைந்தது ஏழு வெவ்வேறு தரங்களைப் பெற்றன. ஒவ்வொருவரும் வெவ்வேறு கூறுக்கு முதன்மை தந்ததே காரணம் என்பது தெரியவந்தது. கூறுகளைப் பிரித்து எழுதும் வழக்கம் இதன்பின் வலுப்பெற்றது.

குழுப்பணியின் சிக்கல்

கயிறு இழுப்போர் எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொருவரின் பங்கும் குறைவதை பிரான்சின் ரிங்கெல்மான் 1913 இல் வெளியிட்டார். தனிப்பங்கு வெளியே தெரியாதபோது முயற்சி தளர்வதை 1979 இல் லத்தானே குழுவினர் சோதனையால் காட்டினர். உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே மதிப்பெண் என்னும் மாணவர் மனக்குறையின் வேர் இதுவே. 2009 இல் அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் சங்கம் வெளியிட்ட ரூப்ரிக்குகளில் ஒன்று குழுப்பணிக்கானது. அது குழு தந்த இறுதிப் படைப்பை அன்றி, உறுப்பினர் ஒவ்வொருவரின் பங்களிப்பையே மதிப்பிடுகிறது.

இணையவழி அறிவியல் ஆசிரியர் கல்வி

இணையவழி வகுப்பில் ஆசிரியர் குழுவின் அருகில் நின்று கவனிக்க இயலாது. ஆயினும் பகிர்வு ஆவணத்தின் திருத்த வரலாறும் உரையாடல் பதிவும் சான்றாகின்றன. ஓமின் விதிக்கான செய்முறைப் பாடத்தை நால்வர் திட்டமிட்டால், கருத்தின் துல்லியம், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், பாதுகாப்பு ஆகியன குழுவுக்குரிய கூறுகள். தரவுகளை விளக்குதல், பிறர் கருத்துக்குப் பதிலளித்தல் ஆகியன தனிநபருக்குரியவை. பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் அதிகம் எழுதியவரே சிறந்தவராகிவிடுவார்.

'நன்று', 'மிக நன்று' என்று மட்டும் எழுதப்பட்ட ரூப்ரிக் 1913 இன் நிலைக்கே திரும்பிவிடும். எனவே திருத்துவோர் மாதிரிப் பணி ஒன்றை முதலில் சேர்ந்து மதிப்பிட்டு, வேறுபாடுகளைப் பேசித் தீர்ப்பது நன்று. ஆசிரியப் பயிற்சி மாணவர்களையும் இதில் சேர்த்துக்கொண்டால் இருமடங்கு பயன் உண்டு. நாளை செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்தப் போகிறவர்கள் அவர்களே.