முதல் மலை எது? பந்தய ஏற்றங்களின் வரலாறும் போடிமெட்டுச் சாலையும்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஏறிய முதல் மலை பலோன் தால்சாஸ் என்பது நிலைபெற்றுவிட்ட கூற்று. 1905 ஜூலை 11 அன்று, நான்சியிலிருந்து பெசான்சோன் வரையிலான கட்டத்தில், ரெனே போத்தியே எல்லோருக்கும் முன்னால் அதன் உச்சியைக் கடந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் அந்த மலையை யாராலும் ஏற முடியாது என்று பந்தயத்தின் நிறுவனர் ஆன்ரி தெக்ராஞ்ச் நம்பியிருந்தார். நடந்ததைக் கண்டதும் அவருடைய லோட்டோ நாளிதழ் அந்த ஏற்றத்தைக் கொண்டாடியது. மனிதனின் வலிமையைச் சோதிக்கத்தான் மலை பந்தயத்துக்குள் கொண்டுவரப்பட்டது, ஆகவே கடுமைதான் ஏற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் என்ற வாசிப்பும் அந்த நாளிலிருந்தே வேர்விட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பந்தயப் பாதை வகுக்க நினைப்பவர்களும் இதே அளவுகோலோடுதான் வருகிறார்கள். முதலில் ஊசி வளைவுகளை எண்ணுகிறார்கள்.

இந்த வாசிப்பு சான்றுகளோடு பொருந்தவில்லை. 1903இல் நடந்த முதல் பந்தயத்திலேயே, லியோன் – மார்செய் கட்டத்தில், வீரர்கள் செந்த் எத்தியேன் நகருக்குத் தெற்கே கோல் து லா ரெபுப்ளிக் என்ற கணவாயைக் கடந்துவிட்டார்கள். அதன் உயரம் 1161 மீட்டர். பலோன் தால்சாஸில் சாலை எட்டும் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1904இலும் பந்தயம் அதே கணவாய் வழியாகவே போயிற்று. இரண்டு முறை ஏறிய மலையை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் வந்ததை முதல் மலை என்று எண்ணத் தொடங்கியதற்கு உயரமோ சரிவோ காரணமாக இருக்க முடியாது.

பிறகு எது காரணம்? 1904ஆம் ஆண்டு அந்தக் கணவாயில் நள்ளிரவுக்குப் பின் நடந்ததை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். உள்ளூர் வீரர் அந்துவான் ஃபோரின் ஆதரவாளர்கள் ஒரு பெருங்கூட்டமாக இருட்டில் காத்திருந்தார்கள். ஃபோரைப் போகவிட்டு, பின்னால் வந்த மொரீஸ் கரேன் முதலியோரைத் தடிகளால் தாக்கினார்கள். இத்தாலியரான ஜொவான்னி ஜெர்பி விரல் முறிந்து விலகினார். கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கி வெடிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முதல் நான்கு இடங்களைப் பிடித்தவர்கள் பின்னர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். பந்தயம் முடிந்தேபோயிற்று என்றே தெக்ராஞ்ச் எழுதினார். அடுத்த ஆண்டு கட்டங்களை ஆறிலிருந்து பதினொன்றாக்கி, ஒவ்வொரு கட்டத்தின் தூரத்தையும் குறைத்து, இரவோட்டத்தைக் கைவிட்டார். புதுக்கணக்கு தொடங்கியவருக்குப் புதிய மலையும் தேவைப்பட்டது. ரெபுப்ளிக் கணவாய் அவர் மறக்க விரும்பிய இடம். இதை அவரே ஒப்புக்கொண்ட எழுத்து இருப்பதாகச் சொல்ல முடியாது. இது ஊகம்தான். ஆனால் இரண்டு ஏற்றங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும்போது, ஒன்று அழிந்து மற்றது நிலைத்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது.

பலோனுக்கு இன்னொரு தகுதியும் இருந்தது. 1871 போருக்குப் பிறகு பிரான்ஸ் – ஜெர்மனி எல்லை அந்த மலை வழியாகத்தான் போனது. இழந்த அல்சாஸை அங்கிருந்து பார்க்கலாம். 1907இல் பந்தயம் ஜெர்மனி வசமிருந்த மெட்ஸ் நகருக்கே போய்வந்தது. எல்லை மலை ஒன்றைத் தேர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

இரண்டு இடங்களிலும் நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. பலோனில் இருப்பது போத்தியேவுக்கு. ரெபுப்ளிக்கில் இருப்பது பந்தயத்தின் எந்த வீரருக்கும் அல்ல, செந்த் எத்தியேனில் வாழ்ந்த வெலோசியோவுக்கு. பால் து விவி என்ற இயற்பெயருடைய இவர், மலையேறக் கியர் மாற்றும் வசதி வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவர். தெக்ராஞ்சோ பந்தயத்தில் அந்தக் கருவியை 1937 வரை வரவிடவில்லை. பந்தயம் உண்மையில் முதலில் ஏறிய கணவாயில், அதன் நிறுவனரோடு முரண்பட்டவரின் பெயர் நிற்கிறது.

1910இல் பிரனீஸ் மலைகள் சேர்ந்த கதை பலரும் அறிந்தது. பந்தயத்துக்காக டூர்மலே கணவாயைப் பார்த்துவரப் போன அல்ஃபோன்ஸ் ஸ்தைனெஸ், பனியில் கார் சிக்கி, இரவில் நடந்தே கடந்து, சாலை நன்றாக இருக்கிறது என்று தந்தி அடித்தார். அது ஜனவரியில் நடந்தது என்பது ஒரு சாராரின் கூற்று. வேனிலை ஒட்டியது என்பார் வேறு சிலர். நூல்களுக்கிடையே இந்த முரண் தீரவில்லை. கவனிக்க வேண்டியது அந்தத் தந்தி எதைப் பற்றியது என்பதைத்தான். மலை எவ்வளவு கடினம் என்று அது சொல்லவில்லை, சாலை போகுமா என்பதைச் சொன்னது. ஒக்தாவ் லாப்பீஸ் ஜூலை 21 அன்று 2115 மீட்டர் உயரத்தில் முதலாவதாகக் கடந்தது அந்தச் சாலையால்தான்.

1952இல் அல்ப் துவேஸ் வந்தது. பனிச்சறுக்கு ஊரின் விடுதிக்காரர் ஒருவர் முன்னின்று பந்தயத்தை அழைத்தார். கட்டம் மலை உச்சியிலேயே முடிந்தது. ஃபவுஸ்தோ கொப்பி வென்றார். அடுத்து பந்தயம் அங்கே திரும்பியது 1976இல்தான். 13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 விழுக்காடு சரிவு: அந்த 24 ஆண்டுகளில் மலை மாறவில்லை. கடுமையே அளவுகோல் என்றால் இந்த இடைவெளிக்கு விளக்கமே கிடையாது.

இனி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருவோம்: பாலக்காடும் இடுக்கியும் அவற்றை ஒட்டிய தமிழகச் சரிவுகளும். இவ்வட்டாரத்து மலைச்சாலைகளை வகுத்தவர்கள் மனதில் இருந்தது தேயிலையும் ஏலமும் ஏற்றிய வண்டி. மாட்டின் இழுவைக்குச் சரிவைத் தணிக்கத்தான் வளைவு போட்டார்கள். வளைவு கூடக்கூடச் சாலையின் சரிவு தணியும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் வழியில் ஒன்பதாவது வளைவை எடுத்துக்கொள்வோம். பலகையில் 9/40 என்றிருக்கும். ஆழியாறு அணை கீழே விரியும் அந்த இடத்துக்கு, சாலையமைத்த பொறியாளர் லோமின் பெயர். எண் கீழிருந்து மேலே கூடுகிறது. ஏறுகிறவர் மீதி முப்பத்தொன்று என்று கழித்துத்தான் அறிய வேண்டும். அல்ப் துவேஸிலோ வளைவு எண் அடிவாரத்தில் 21 எனத் தொடங்கி உச்சியில் 1 ஆகிறது. ஒவ்வொரு பலகையிலும் அங்கே வென்ற வீரரின் பெயர். நம் பலகையின் எண் வண்டியோட்டிக்கானது, பெயர் சாலை போட்டவருடையது. நாற்பது வளைவு என்பதைக் கடுமையின் அளவாக வாசிப்பது அந்தப் பலகையைத் தலைகீழாக வாசிப்பதாகும். டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தில் வீரர்கள் அஞ்சும் கல்லட்டிக்கு வளைவுகள் 36தான். சரிவு வால்பாறையைவிடச் செங்குத்து.

போடிமெட்டுக்கு 17 வளைவுகள். போடிநாயக்கனூர்ச் சமவெளியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரும் இந்தச் சாலை, கொச்சி – தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85இன் பகுதி. அருகிலேயே இதைவிடச் செங்குத்தான சரிவு ஒன்று உண்டு: டாப் ஸ்டேஷனுக்கும் கொட்டகுடிக்கும் இடையில். மூணாறுத் தேயிலை 1902 முதல் ஒற்றைத் தண்டவாளத்திலும், 1908 முதல் குறுகிய இருப்புப்பாதையிலும் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்தது. சரக்கைக் கம்பிவடம் இறக்கிவிட்டதால் அந்தச் சரிவில் வண்டிச்சாலை போட யாருக்கும் அவசியம் எழவில்லை என்று கொள்ளலாம். இன்றும் அடிவாரத்துக் குரங்கணியிலிருந்து மேலே போவது நடைபாதையே. கடுமையைத் தேடுபவருக்குப் பிடித்த மலையில் சைக்கிள் ஏறவே வழியில்லை.

போடிமெட்டும் ஒரு எல்லை மலை. முன்பு சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும், இப்போது தேனியும் இடுக்கியும் உச்சியில் சந்திக்கின்றன. ஆனால் ஏறி முடித்ததும் பந்தயம் முடியாது. அங்கிருந்து பூப்பாறை, கேப் ரோடு வழியாக மூணாறு இன்னும் 40 கிலோமீட்டர் போல இருக்கிறது. தனியாக முந்தியவரைத் துரத்தும் கூட்டம் பிடித்துவிடும். 1933 டூர் டி பிரான்ஸில் மலையரசர் பரிசு பெற்ற விசென்தே த்ருவேபாவுக்கு இதுவே நேர்ந்தது. ஏற்றத்தில் ஈட்டியதை இறக்கத்தில் இழந்தார். மறு ஆண்டு தெக்ராஞ்ச் உச்சியில் முந்துவோருக்கு நேரச் சலுகை தந்தார். போடிமெட்டில் பந்தயம் நடத்துவோருக்கும் அப்படியொரு சலுகை இல்லாமல் முடியாது.

பாலக்காட்டில் உச்சியில் முடியும் கட்டத்துக்கு ஏற்றது நெல்லியாம்பதி. நென்மாறையிலிருந்து போத்துண்டி அணையைத் தொட்டு ஏறும் அந்தச் சாலை தோட்டங்களோடு நின்றுவிடுகிறது. அல்ப் துவேஸின் அமைப்பு அது. 2018 ஆகஸ்ட் மழையில் மண்சரிந்து பல நாள் துண்டிக்கப்பட்ட சாலையும் அதுவே. கேப் ரோட்டிலும் அடுத்தடுத்த மழைக்காலங்களில் பாறை சரிந்திருக்கிறது. எனவே ஐரோப்பியப் பந்தயங்களின் ஜூலை இங்கே உதவாது, டிசம்பரோ ஜனவரியோதான். நெல்லியாம்பதியிலிருந்து போடிக்குப் பந்தயத்தை நகர்த்த, உடுமலையிலிருந்து சின்னார், மறையூர் வழியே மூணாறு போகும் பாதை குறுக்கு வழிதான். ஆனால் அது யானைகள் குறுக்கிடும் சரணாலயச் சாலை. நூறு கார்களின் அணிவகுப்பை அங்கே விடக் கூடாது. பழனி, வத்தலக்குண்டு, தேனி என்று சமவெளியில் சுற்றிக்கொண்டுதான் போடிக்கு வர வேண்டும்.