ஆனர்: ஒரு சொல்லும் அதன் சுமையும்

விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது முண்டியம்பாக்கம். அரசு மருத்துவக் கல்லூரியாலும் சர்க்கரை ஆலையாலும் இன்று அறியப்படும் இவ்வட்டாரம், பதினெட்டாம் நூற்றாண்டில் கர்நாடகத்து நவாபுப் பதவியை முன்னிட்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட களமாகும். 'ஆனர்' என்னும் ஆங்கிலச் சொல் தன் இரு பொருள்களையும் இம்மண்ணில் காட்டியிருக்கிறது.

1752இல் மேஜர் கின்னீர் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்கச் சென்று, அதன் வலிமை கண்டு திரும்பி, விக்கிரவாண்டியருகே பிரெஞ்சுப் படையிடம் தோற்றார். போரில் பட்ட காயம் ஆறிவிட்டது. தோல்வியின் வருத்தமே அவரை நோயில் தள்ளி மாய்த்தது என்று கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். ஆங்கிலத்தில் இது ஆனர். தமிழில் இதற்குப் பெயர் மானம்.

ஒன்பதாண்டுகளுக்குப் பின், 1761 ஏப்ரலில், செஞ்சியின் பிரெஞ்சுத் தளபதி மக்கிரிகர் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் கோட்டையை ஒப்படைக்க முன்வந்தபோது 'ஆனர்ஸ் ஆஃப் வார்' கோரிப் பெற்றார். அதாவது, சரணடைந்த படை முரசு முழங்க, கொடி பறக்க, ஆயுதத்தோடு வெளியேறும் உரிமை. அவ்வாண்டு ஜனவரியில் வீழ்ந்த பாண்டிச்சேரிக்கோ எந்த நிபந்தனையும் அனுமதிக்கப்படவில்லை. இந்த ஆனர் வென்றவன் விரும்பினால் தருவது, விரும்பாவிட்டால் மறுப்பது. இதை மானம் என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும், இது மரியாதை.

உள்ளே இருப்பதையும் வெளியிலிருந்து வருவதையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. அச்சொல்லின் இலத்தீன் மூலமே அரசுப் பதவியையும் குறித்ததுதான். தமிழ் அவ்வாறன்று. வள்ளுவர் மானத்துக்குத் தனி அதிகாரமே வகுத்தார். மரியாதையோ எல்லை, வரம்பு என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. கோயிலில் யாருக்கு முதலில் பரிவட்டம் என்ற வழக்கையும் அது குறிக்கும். அவ்வழக்குகள் நீதிமன்றம் ஏறியபோது ஆங்கிலேயர் அதனையும் 'ஆனர்ஸ்' என்றே பதிவு செய்தார்கள்.

பின்னர் நாம் இரண்டுக்கும் பொதுவாகக் 'கௌரவம்' என்று எழுதத் தொடங்கினோம். குரு, அதாவது கனமானது, என்னும் சொல்லடியாகப் பிறந்தது அது. (அரசுக் கல்லூரிகளின் 'கௌரவ விரிவுரையாளர்'களைக் கேட்டால் அந்தக் கனம் ஊதியத்தில் இல்லை என்பார்கள்.) இந்தச் சோம்பல் விபரீதமானது கொலையின் பெயரில்தான். பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த விருத்தாசலம் அருகே 2003இல் சாதி கடந்து மணந்த இளந்தம்பதியர் நஞ்சூட்டிக் கொன்று எரிக்கப்பட்டனர். விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021இல்தான் வந்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. இத்தகைய கொலைகளை ஆங்கிலத்தைப் பின்பற்றிக் 'கௌரவக் கொலை' என்றோம். கொன்றவன் தன் செயலுக்குச் சூட்டிக்கொண்ட பெயரையே நாமும் வழிமொழிந்தோம். இவற்றில் கௌரவம் ஏதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் லதா சிங் வழக்கில் 2006இலேயே கூறிவிட்டது.

முஸ்லிம்களாகிய நாம் இதில் ஒதுங்கி நிற்க இயலாது. முஸ்லிம் நாடுகளிலும் குடும்ப மானத்தின் பெயரால் பெண்கள் கொல்லப்படுகிறார்கள். அதற்கு மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைப்போர் 'இர்ள்' என்னும் அரபிச் சொல்லைப் புரிந்துகொள்ளவில்லை. இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உயிர், உடைமை ஆகியவற்றோடு சேர்த்துப் புனிதமாக்கிய மானம் இதுவே. உயிரையும் மானத்தையும் ஒரே மூச்சில் காத்த பேருரையைக் காட்டி, ஒன்றுக்காக மற்றொன்றைப் பறிக்க எவருக்கும் வழியில்லை. மேலும், கற்புடைய பெண்மீது பழிசுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்கிறது திருக்குர்ஆன் (24:4). அங்கே தண்டனைக்குரியது அவதூறு பேசிய நாக்கு. காக்கப்படும் மானம் அப்பெண்ணுடையது. அவளுடைய தந்தைக்கோ தமையனுக்கோ உரிய சொத்தாக அது பேசப்படவில்லை.

தமிழ் எழுத்துலகில் பின்னர் 'ஆணவக் கொலை' என்னும் பெயர் நிலைபெற்றது. சைவ சித்தாந்தத்தில் மும்மலங்களுள் ஒன்றாக எண்ணப்படும் சொல் ஆணவம். நம் மரபில் அதற்கு இணை 'கிப்ர்'. ஆதமுக்குப் பணிய மறுத்த இப்லீஸ் சொன்ன காரணம், தான் நெருப்பிலும் அவர் களிமண்ணிலும் படைக்கப்பட்டதே (7:12). பிறப்பைக் காட்டி உயர்வு கோரிய முதல் வழக்கு அது.