செம்மண் கரையும் சிப்பிப் பீடமும்



ஜூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று விழாக் குழுவினர் நம்மைக் கேட்டனர். நம் பங்கின் வரலாற்றை இம்மலரில் மற்றவர்கள் எழுதுகிறார்கள். ஆகவே நாம் உங்களைக் கடல் கடந்து வேறொரு கரைக்கு அழைத்துச் செல்ல எண்ணினோம். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், புரூம் என்னும் சிறு துறைமுக ஊரிலிருந்து வடக்கே லெவெக் முனை வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளும் கரை அது. மாநிலத் தலைநகரான பெர்த்திலிருந்து புரூமுக்குச் சாலைவழியே 2,000 கிலோமீட்டருக்கு மேல். இடையில் பெரும்பாலும் ஆளரவமற்ற வெட்டவெளிதான்.

அவ்வளவு தொலைவில் நமக்கென்ன வேலை என்று கேட்கலாம். முத்துச்சிப்பி பதித்த பலிபீடம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் அழகைக் கண்டு வியந்து திரும்புவோர் பலர். அந்தச் சிப்பியைக் கடலடியிலிருந்து எடுத்தவர் யார் என்று கேட்போர் சிலரே. நாம் அதையும் கேட்டறிவோம்.

இயற்கையின் கோலம்

முதலில் கண்ணைக் கவர்வது நிறம். இரத்தச் சிவப்பான மண், அதனடியில் வெண்மணல், அதற்கப்பால் பச்சை கலந்த நீலக் கடல். புரூமின் மேற்கே 22 கிலோமீட்டர் நீளும் கேபிள் கடற்கரைக்கு அப்பெயர் வந்த காரணம் எளியது. 1889-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலிருந்து கடலடியில் இழுத்து வரப்பட்ட தந்திக் கம்பி அங்கேதான் கரையேறியது.

ஏற்ற வற்றத்தில் கடல்மட்டம் இங்கே 10 மீட்டர் அளவுக்கு வேறுபடுவதுண்டு. நீர் வற்றும்போது, கேந்தியோம் முனையின் பாறைகளில் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்து போன பெருவிலங்குகளான டைனோசர்களின் காலடிச் சுவடுகள் வெளிப்படும். ரோபக் குடாவின் சேற்று நிலத்தில் சைபீரியாவிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் கரைப்பறவைகள் இரை தேடும். மார்ச் முதல் அக்டோபர் வரை, பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகளில் நிலவு எழும்போது, ஈரச் சேற்றில் அதன் ஒளி படிப்படியாய் விழுந்து வானத்துக்கு ஏணி சார்த்தியது போலத் தோன்றும். யாக்கோபு கண்ட ஏணி நம் நினைவுக்கு வராமல் இருக்குமா?

சிப்பியின் கதை

ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1688-இல் இக்கரையில் இறங்கினார். அங்கே கண்ட மக்களைப் பற்றி அவர் இழிவாகவே எழுதி வைத்தார். அதே மக்கள் முத்துச்சிப்பியில் கோடுகள் செதுக்கி, காவி பூசி, சடங்குகளில் அணிந்து வந்தனர். பார்டி மொழியில் அதற்கு 'ரிஜி' என்று பெயர். கைமாறிக் கைமாறி அது பாலைவனத்தின் உட்பகுதி வரை சென்றது. கடலையே பார்த்திராத மக்களும் அதைப் புனிதப் பொருளாகப் போற்றினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் அந்தச் சிப்பியில் வேறொன்றைக் கண்டனர். அதுதான் சட்டைப் பொத்தான்! இக்கடலின் முத்துச்சிப்பி உலகிலேயே மிகப் பெரிய இனம். அதன் உட்புறப் பளபளப்பு ஐரோப்பியச் சந்தையில் நல்ல விலை போயிற்று. பூர்வகுடி ஆண்களும் பெண்களும் பிடித்து இழுத்து வரப்பட்டு, எந்தக் கருவியுமின்றி மூச்சடக்கி மூழ்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். கருவுற்ற பெண்களும் தப்பவில்லை. 1870-களில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. ஆனால் சட்டம் பெர்த்தில் இருந்தது, படகு கடலில் இருந்தது. இன்று ரோபக் குடாவின் கரையில், நீரிலிருந்து எழும் கருவுற்ற பூர்வகுடிப் பெண்ணின் சிலை ஒன்று நிற்கிறது. பயணிகள் அதன் முன் சற்று நின்று செல்வது நல்லது.

கல்லறைகள் சொல்வது

புரூம் ஊர் 1883-இல் அமைக்கப்பட்டது. அந்த 1880-களிலேயே செம்புத் தலைக்கவசமும் ஈயம் பதித்த காலணியும் அணிந்து மூழ்கும் முறை வந்தது. ஜப்பானியர், மலாய்க்காரர், பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கர், தீமோர் மக்கள் எனப் பல இனத்தார் அங்கே கூடினர். முத்தின் மேல்தோலை நுணுக்கமாய் உரித்து ஒளி ஏற்றுவதில் பேர்பெற்ற டி.பி. எல்லீஸ் என்பவர் இலங்கையிலிருந்து சென்ற சிங்களவர். 1901-இல் வெள்ளையர் அல்லாதார் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் ஆஸ்திரேலியா முழுமைக்கும் வந்தபோதும், சிப்பித் தொழிலுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் ஊருக்கு வேண்டாதவர்கள், ஆனால் தொழிலுக்கு வேண்டியவர்கள்!

ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். பலர் முடமாயினர், பலர் மாண்டனர். 1887-இல் வீசிய ஒரே புயலில் நூற்றுக்கு மேற்பட்டோர் கடலில் மறைந்தனர். 1908-லும் புயல்கள் பல உயிர்களைக் கொண்டு போயின. புரூமின் ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தில் 700-க்கு மேற்பட்ட கல்லறைகளில் 900-க்கு மேற்பட்டோர் துயில்கின்றனர்.

1941 டிசம்பரில் போர் மூண்டதும் ஊரிலிருந்த ஜப்பானியர் சிறை வைக்கப்பட்டனர். 1942 மார்ச் 3-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் புரூமைத் தாக்கின. ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுப் பெண்களும் குழந்தைகளும், குடாவில் மிதந்த விமானங்களுக்குள்ளேயே எரிந்தும் மூழ்கியும் மாண்டனர். இறந்தோர் குறைந்தது 88 பேர். கடல் நன்கு வற்றும் நாட்களில் அவ்விமானங்களின் எலும்புக்கூடுகள் இன்றும் வெளிப்படுகின்றன.

1950-களில் பிளாஸ்டிக் பொத்தான் வந்தது. சிப்பிப் பொத்தானின் காலம் முடிந்தது. 1956-இல் இக்கரைக்கு வடக்கே கூரி குடாவில் வளர்ப்பு முத்துப் பண்ணை தொடங்கப்பட்டது.

பீகிள் குடா ஆலயம்

புரூமுக்கு வடக்கே நூற்றிருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில், நியுல் நியுல் மக்களின் மண்ணில் பீகிள் குடா உள்ளது. 1890-இல் பிரெஞ்சு டிராப்பிஸ்ட் துறவியர் அங்கே மறைப்பணி தொடங்கினர். 1901-இல் ஜெர்மானிய பல்லோட்டைன் சபைக் குருக்களும் சகோதரர்களும் அதை ஏற்றனர். 1907-இல் கன்னியர்கள் வந்தனர். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் என்பதால் குருக்கள் அரசின் சந்தேகப் பார்வைக்கு ஆளாயினர். அந்நாட்களில்தான் அவர்களும் பூர்வகுடி மக்களும் சேர்ந்து ஆலயம் எழுப்பினர். ஏறத்தாழ 60,000 செங்கற்களைக் கையாலேயே அறுத்துச் சூளையிட்டனர். கடற்சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். 1918-ஆம் ஆண்டு தேவமாதா விண்ணேற்புத் திருநாளில் திருஇருதய ஆலயம் திறக்கப்பட்டது. பீடத்தில் முத்துச்சிப்பி ஒளிர்கிறது. சோழிகளும் பலவகைச் சங்குகளும் சுவர்களை அணி செய்கின்றன.

இவ்வளவோடு நிறுத்தினால் கட்டுரை இனிதே முடியும். ஆனால் உண்மை முழுமையாகாது. 1905-ஆம் ஆண்டின் சட்டம், மேற்கு ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளுக்கும் கலப்பினக் குழந்தைகளுக்கும் அரசு அதிகாரியையே பாதுகாவலராக்கியது. தாய்மடியிலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் பலர் இந்தப் பீகிள் குடாவுக்கே கொண்டுவரப்பட்டனர். அங்கே அன்பு கண்டோம் என்று நினைவுகூர்ந்தோர் உண்டு. தாயை, மொழியை, ஊரை இழந்தோம் என்று கண்ணீர் விட்டோரும் உண்டு. 1997-இல் வெளியான விசாரணை அறிக்கை இக்கொடுமையை நாடறியச் செய்தது. 2008 பிப்ரவரி 13-ஆம் நாள் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அந்த ஏற்பாட்டில் நம் திருச்சபையின் இல்லங்களுக்கும் பங்கிருந்தது என்பதை நாமும் தலைகுனிந்தே சொல்ல வேண்டும்.

ஆயினும் அந்த ஆலயம் வெறும் காட்சிப்பொருள் அன்று. அம்மக்களின் சந்ததியார் அவ்வூரில் வாழ்கின்றனர், தங்கள் முன்னோர் கட்டிய ஆலயத்தில் வழிபடுகின்றனர். புனிதப் பொருளாயிருந்த சிப்பி பொத்தானாகி, இரத்தம் சிந்த வைத்து, இறுதியில் அதே மக்களின் கைகளால் பீடத்தில் வைக்கப்பட்டது. அதைக் காண்போர் அந்தக் கைகளையும் காண வேண்டும்.

ஜூபிலி என்பது பழைய ஏற்பாட்டில் விற்கப்பட்ட நிலம் திரும்பக் கொடுக்கப்படும் ஆண்டு. திரும்பக் கொடுக்க முடியாதவற்றை நினைவிலாவது வைத்துக் காப்போம். நம் ஆலயத்துக்குக் கல் சுமந்தோர், மண் குழைத்தோர், கூலியின்றி உழைத்தோர் யாரென்று இந்த ஆண்டில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாதவர்களையும் ஆண்டவர் அறிவார். நாமும் அறிந்துகொள்வோம்.