துப்பாக்கியைத் திருப்பியனுப்பிய திசாவை

மாத்தளை மண் தந்த போர்த்தலைவர் மொனரவில கெப்பெட்டிபொல. 1817இல் ஆங்கிலேயர், வெல்லஸ்ஸையின் தாவளப் போக்குவரத்துக்குத் தலைவராக ஹஜ்ஜி மரிக்காரை நியமித்தனர். உள்ளூர்ப் பிரதானிகளின் அதிகாரம் குறைந்தது, கிளர்ச்சி மூண்டது, ஹஜ்ஜி கொல்லப்பட்டார்.

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொல, கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். ஆனால் ஆங்கிலேயர் தந்த துப்பாக்கிகளை அவர்களுக்கே திருப்பியனுப்பினார். துரோகத்திலும் நேர்மை பேணிய அந்தச் செயலே அவரை மக்கள் மனதில் நிறுத்தியது.

1818 நவம்பர் 26இல் கண்டி போகம்பரையில் சிரச்சேதம். எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மண்டையோடு 1948இல் திரும்பியது. 1818இன் துரோகிப் பிரகடனமும் 2016இல் நீக்கப்பட்டது.

வீரருக்கு நீதி கிடைத்தது. ஆனால் ஹஜ்ஜியோ இன்னும் போரின் 'காரணம்' மட்டுமே. அந்த நியமனத்தை வகுத்தது ஆள்வோர் கணக்கு. பழி மட்டும் ஒரு சமூகத்தின் பெயரில் நிற்கலாமா?